த்ரீ கிங்டம்ஸ் டிஎல்சி: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு மேல் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடுவோம். கல்லூரி நாளில் பிரவுசிங் சென்டரில் தொடங்கிய பழக்கம். இப்போது ஆளுக்கொரு ஊர், பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது, ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. 2025 மே மாதம் அதற்கு த்ரீ கிங்டம்ஸ் என்ற டிஎல்சி (காசு கொடுத்து கேமோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பகுதி) வந்ததிலிருந்து நான் புலம்புகிறேன் என்பது எல்லாருக்கும் தெரியும். புதிதாகச் சேர்கிறவர்களும் அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். வாய் வலிக்கிறது. இனி யார் கேட்டாலும் இதைத்தான் அனுப்பப் போகிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

"அண்ணா, முதல்ல இது என்ன கேம்? நீங்க பேசுறது ஒண்ணுமே புரியல."

1999இல் வந்த கம்ப்யூட்டர் போர் கேம். ஒரு டவுன் சென்டர், சில வில்லேஜர்கள், சுற்றிலும் இருட்டு. ஆடு பிடித்து, மரம் வெட்டி, வயல் போட்டு, டார்க் ஏஜிலிருந்து ஃபியூடல், காசில், இம்பீரியல் என்று ஏற வேண்டும். நடுவில் எதிரி வந்து வில்லேஜரைக் கொல்வான், நாமும் போய் அவனுடைய வில்லேஜரைக் கொல்வோம். ரோம் விழுந்த பிறகு தொடங்கும் இடைக்காலம்தான் இதன் களம்.

தொடக்கத்தில் 13 நாகரிகங்கள். நாங்கள் 'சிவ்' என்போம். 2000இல் கான்கரர்ஸ் என்ற கூடுதல் பகுதி வந்து 18 ஆனது. பிறகு 13 வருடம் ஒன்றும் இல்லை. 2013இலிருந்து மறுபடி டிஎல்சி வரத் தொடங்கி, 2019இல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற புதுப்பித்த பதிப்பு, அதற்கு மேல் வருடத்துக்கு ஒன்றிரண்டு. த்ரீ கிங்டம்ஸோடு 50 ஆகிவிட்டது. இருபத்தைந்து வருடம் கழிந்தும் ஒரு கேமுக்குப் புதிதாக ஏதாவது வருகிறதென்றால் அதுவே பெரிய கொடுப்பினை. அதை மறந்துவிட்டு நான் திட்டவில்லை.

"அந்த டிஎல்சில என்னதான் இருக்கு?"

ஐந்து சிவ்: ஷு, வெய், வூ, ஜுர்சென், கித்தான். மூன்று கேம்பெயின்கள் (கதையாக வரிசையில் ஆடும் மிஷன்கள்), மூன்றும் முதல் மூவருக்கு. அந்த மூவருக்கும் இம்பீரியல் ஏஜில் கோட்டையிலிருந்து ஆளுக்கொரு ஹீரோவை இறக்கலாம்: ஷுவுக்கு லியூ பெய், வெய்க்கு சாவ் சாவ், வூவுக்கு சுன் ஜியான். இந்தப் பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேலை இருக்கிறது.

"மூணு ராஜ்யம்னா யாரு? நம்ம மூவேந்தர் மாதிரியா?"

கேட்டவர் விளையாட்டாகத்தான் கேட்டார், ஆனால் இதைவிடச் சரியான ஒப்பீடு எனக்குக் கிடைக்கவில்லை. ஹான் பேரரசு சரிந்தபோது சீனா மூன்றாகப் பிரிந்தது. 184இல் மஞ்சள் தலைப்பாகைக் கலகம் வெடித்தது. தளபதிகள் ஆளுக்கொரு பக்கம் படை திரட்டினார்கள். 220இல் வெய், 221இல் ஷு, அதை அடுத்து வூ. 263இல் ஷு விழுந்தது. 280இல் வூவும் போய் மறுபடி ஒரே சீனா. 220இலிருந்து எண்ணினால் எல்லாம் அறுபது வருடத்துக் கதை.

அறுபது வருடம்தான் என்றாலும் அந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் பாரதக் கதை. கூத்து, நாவல், படம், கேம் என்று அதைத் தொடாத கலையே இல்லை. சாவ் சாவ் என்றால் கிழவி முதல் குழந்தை வரை யாருக்கும் தெரியும்.

"சுருக்கமா சொல்லு மச்சான். ஒரே வரி. ஏன் பிடிக்கல?"

இந்த கேமில் சிவ் என்றால் ஒரு மக்கள் கூட்டம். ஷு, வெய், வூ மக்கள் கூட்டம் அல்ல, மூன்று கட்சிகள்.

ஒரு வரி கேட்டாய், கொடுத்துவிட்டேன். இனி விளக்கம். ஃபிராங்குகள், வைக்கிங்குகள், மலாய்கள், பெர்பெர்கள், ஜார்ஜியர்கள்: பட்டியலை எங்கே தொட்டாலும் ஒரு மொழி, ஒரு நிலம், பல நூறு வருட வாழ்க்கை இருக்கும். அதற்குள் எத்தனையோ அரச வம்சங்கள் வந்து போயிருக்கும். வம்சத்துக்கு சிவ் கிடையாது, அதன் மக்களுக்குத்தான். ஷு, வெய், வூ மூன்றுமே சீனர்கள். 'சீனர்கள்' என்ற சிவ் 1999இலிருந்தே இருக்கிறது, இன்னமும் இருக்கிறது. ஆக இப்போது சீனர்களோடு சேர்த்து இன்னும் மூன்று சீனர்கள். நம் பக்கம் வைத்துப் பாருங்கள்: சேரர், சோழர், பாண்டியர் என்று தனித்தனியாக மூன்று சிவ், அப்புறம் நாலாவதாகத் 'தமிழர்' என்று ஒன்று. அதில் யார் மிச்சம்?

"அஸ்டெக்காரன் மங்கோலியனோட அடிச்சுக்கிற கேம்ல போய் வரலாறு பாக்குறீங்களே சார், சிரிப்பா இல்ல? கொலுவுல கிரிக்கெட் டீம் வைக்கிற மாதிரிதானே இது?"

சிரிப்பாகத்தான் இருக்கிறது. கொலு உதாரணமும் பொருத்தம். எங்கள் வீட்டுக் கொலுவில் மரப்பாச்சிக்கு இரண்டு படி கீழே பாண்டு வாத்தியக் குழு நிற்கும். யாரும் கேள்வி கேட்டதில்லை.

ஆனால் பொம்மை எப்படி வேண்டுமானாலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம், பொம்மையே பொய்யாக இருக்கக் கூடாது. அஸ்டெக்கும் மங்கோலியனும் சந்தித்தது இல்லை, உண்மை. ஆனால் இருவரும் தனித்தனியே இடைக்காலத்தில் வாழ்ந்தவர்கள். அந்தச் சந்திப்பு கற்பனை, அந்த ஆட்கள் கற்பனை இல்லை. இருபத்தைந்து வருடமாக இந்த ஒரு ஒப்பந்தத்தை நம்பித்தான் ஆடினோம். எழுதி வைக்காத ஒப்பந்தம்தான், ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொன்று. இந்த கேமினால்தான் எனக்கு டார்ட்டார், குமன், பல்கேரியர் என்று ஆட்கள் இருந்ததே தெரியும். ஆட்டம் முடிந்து படுக்கப் போகுமுன் யார் இவர்கள் என்று தேடிப் படித்த ராத்திரிகள் நிறைய. பாடப் புத்தகத்தில் ஒரு வரிகூட வராதவர்களுக்கு இங்கே ஒரு கோட்டை கிடைக்கும். எனக்கு இந்த கேமின் ருசியே அதுதான்.

"ஹன்ஸ் இருக்கான், ரோமன்ஸ் இருக்கான். அவனுங்க மட்டும் இடைக்காலமா?"

இதுதான் எல்லாரும் பத்திரமாகப் பாக்கெட்டில் வைத்திருக்கும் கேள்வி. ஹன்கள் கான்கரர்ஸ் காலத்திலிருந்து இருக்கிறார்கள். அவர்கள் மன்னன் அட்டிலா இறந்தது 453இல், மேற்கு ரோம் விழுந்தது 476இல். இந்த கேம் கதவைத் திறக்கும் நேரத்தில் வாசலில் நின்றவர்கள். வூ ராஜ்யமோ 280இலேயே முடிந்துவிட்டது. கிட்டத்தட்ட 200 வருட வித்தியாசம்.

ரோமானியர்கள் 2023இல் ரிட்டர்ன் ஆஃப் ரோமோடு வந்தபோதும் எனக்கு உறுத்தியது. முதலில் ரேங்க்டு ஆட்டத்துக்கு, அதாவது தரவரிசைப் போட்டிக்கு, வெளியே வைத்திருந்து, பிறகு உள்ளே விட்டார்கள். அன்றைக்கு நான் பெரிதாகச் சத்தம் போடவில்லை. போட்டிருக்க வேண்டும். ஒரு சிவ்தானே, ரோம் விழுந்த கதையில் ரோமானியன் இல்லாமல் எப்படி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த விஷயத்தில் என் வாதத்தில் ஓட்டை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

"ஏதென்ஸ், ஸ்பார்ட்டா வந்தப்போ நீ வாயே திறக்கலையே?"

திறந்தேன், பாராட்டினேன். 2024 நவம்பரில் வந்தது குரோனிக்கிள்ஸ்: பேட்டில் ஃபார் கிரீஸ். ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, பாரசீகத்து அகாமனிசியர். இடைக்காலத்துக்கு ஆயிரம் வருடம் முந்தியவர்கள், அதிலும் ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் வெறும் நகர அரசுகள். ஆனால் வெளியிட்டபோதே இது தனித் திண்ணை என்று சொல்லிவிட்டார்கள். தனிக் கேம்பெயின், தனித் தொழில்நுட்பங்கள், ரேங்க்டு ஆட்டத்தில் அப்போது கலக்கவில்லை. பழங்காலக் கதை வேண்டுகிறவன் அங்கே போய் ஆடலாம், மற்றவன் தன் வழியில் போகலாம்.

த்ரீ கிங்டம்ஸுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் உண்டா? ஆறே மாதத்துக்கு முன்னால் கட்டிய திண்ணை காலியாகக் கிடக்க, விருந்தாளியை நேரே பூஜை அறைக்குள் கூட்டிவந்து உட்கார வைத்த மாதிரி ஆகிவிட்டது. விருந்தாளி மேல் கோபமில்லை.

"மாமா, ஹீரோ வந்தா ஜாலிதானே? எதுக்கு எல்லாத்துக்கும் மூஞ்சத் தூக்குறீங்க?"

இது என் அக்கா பையன். பதினாறு வயது, எல்லாம் ஜாலி.

ஹீரோக்கள் இந்த கேமுக்குப் புதிதில்லை. ஜோன் ஆஃப் ஆர்க்கை வைத்துக் கேம்பெயின் ஆடியிருக்கிறோம். அவள் செத்தால் ஆட்டம் போச்சு என்று மூலையில் ஒளித்து வைத்து ஆடியிருக்கிறோம். ஆனால் அது கேம்பெயின். மனிதனோடு மனிதன் மோதும் ஆட்டத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. ஈட்டிக்காரன் ஈட்டிக்காரன்தான், குதிரைக்காரன் குதிரைக்காரன்தான். எதிரியின் நைட் என்ற கவசக் குதிரைவீரனை முப்பது பெயரில்லாத ஈட்டிக்காரர்கள் சேர்ந்து மறிப்பதுதான் கணக்கு. இப்போது அந்தக் கூட்டத்துக்கு நடுவில் சாவ் சாவ் வந்து நிற்கிறார், அருகில் இருக்கும் படைக்கெல்லாம் பலம் கூடுகிறது. டிஎல்சி வந்தபோது இருந்த மற்ற 47 சிவ்வுக்கும் அந்த வசதி இல்லை. ஜெங்கிஸ் கானின் மங்கோலியருக்கே இல்லை.

சரி, ஹீரோ வந்ததே வரட்டும். யார் வந்திருக்கிறார்கள் பாருங்கள். சுன் ஜியான் 191இல் இறந்துவிட்டார். வூ ராஜ்யம் உருவாக அதற்கப்புறம் முப்பது வருடம் ஆனது. அதை உருவாக்கியவர் அவருடைய மகன் சுன் சுவான். சாவ் சாவ் வெய் மன்னர் என்ற பட்டத்தோடு இருந்தாரே தவிர, ஹான் பேரரசரை இறக்கிவிட்டு வெய் பேரரசை அறிவித்தது அவர் மகன் சாவ் பி, அதுவும் தகப்பன் கண்ணை மூடிய அதே 220இல், அவர் போன பிறகு. மூன்று ஹீரோக்களில் தன் பேரரசின் சிம்மாசனத்தில் உட்கார்ந்தவர் லியூ பெய் ஒருவர்தான். இருட்டு யுகத்திலிருந்து ஏறி ஏறி இம்பீரியல் ஏஜ் வந்தபின் கோட்டைக் கதவு திறந்து, ராஜ்யம் பிறக்கும் முன்பே செத்துப்போனவர் வெளியே வருகிறார். இதைச் சொன்னதும் அக்கா பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அது பேய் யூனிட்டா மாமா?" என்றான். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

"கித்தான், ஜுர்சென் ரெண்டும் நீங்க வருஷக்கணக்கா கேட்டதுதானே? கிடைச்சாச்சே?"

கிடைத்தது. கித்தான்கள் 10ஆம் நூற்றாண்டில் லியாவ் பேரரசு கட்டி 1125 வரை வட சீனாவின் மேல்பகுதியையும் புல்வெளியையும் ஆண்டவர்கள். ஜுர்சென்கள் அவர்களை விழுத்தி, ஜின் வம்சம் என்று 1115இலிருந்து 1234 வரை இருந்தவர்கள். அச்சு அசல் இடைக்காலம். தனி மொழி, தனி எழுத்து. இந்த கேமுக்கென்றே பிறந்தவர்கள்.

அந்த இருவருக்கும் கேம்பெயின் இல்லை. டிஎல்சியின் பெயரிலும் அவர்கள் இல்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டு, பந்தியில் இடம் போட்டு, இலையில் உப்பை மட்டும் வைத்துவிட்டுப் போன மாதிரி.

அதோடு விடவில்லை. கித்தான்களிடம் மவுண்டட் ட்ரெபுஷே என்று ஒரு யூனிட் இருக்கிறது. ஒட்டகத்தின் முதுகில் கல்லெறியும் பொறி. பார்க்க அருமையாக இருக்கும். அது வெறும் கற்பனையும் இல்லை, சோங் வம்ச வரலாற்றிலேயே குறிப்பு இருக்கிறது: இருநூறு பேர் கொண்ட ஒரு படை, ஒட்டகச் சேணத்தில் கல்லெறி பொறி. ஆனால் அந்தப் படை கித்தான்களுடையது அல்ல. தாங்குத்துகளுடையது.

"தாங்குத்தா? அது யாரு புதுசா?"

புதுசு இல்லை, யாரும் சொல்லவில்லை அவ்வளவுதான். இன்றைய வடமேற்குச் சீனாவில், மஞ்சள் ஆற்றின் வளைவை ஒட்டி 1038இலிருந்து 1227 வரை மேற்கு சியா என்ற அரசை நடத்தியவர்கள். தங்களுக்கென்று ஓர் எழுத்து முறையே உருவாக்கிக்கொண்டார்கள். சீன எழுத்தைவிடச் சிக்கலாகத் தெரியும், ஆயிரக்கணக்கில் எழுத்துகள். பௌத்த நூல்களை அதில் அச்சடித்தார்கள். 1227இல் மங்கோலியர் வந்து தடம் தெரியாமல் அழித்தார்கள். ஜெங்கிஸ் கான் இறந்ததே அந்தப் படையெடுப்பின்போதுதான்.

ஐந்து சிவ் வரப்போகிறது, கிழக்காசியா என்று தெரிந்ததும் எங்களில் பலரும் விரலை மடக்கி எண்ணினோம்: கித்தான், ஜுர்சென், தாங்குத், திபெத், தென்மேற்குச் சீனாவில் இருந்த தாலி அரசின் பாய் மக்கள். திபெத்தியர்கள் 763இல் சீனத் தலைநகர் சாங்கானையே பிடித்தவர்கள். சரியாக ஐந்து. அறிவிப்பு வந்தபோது மடக்கிய விரலில் மூன்றை நிமிர்த்த வேண்டியதாயிற்று. தாங்குத்தின் ஒட்டகம் மட்டும் அடுத்த வீட்டுக் கொட்டகையில் கட்டப்பட்டிருந்தது.

"நமக்கு 'டிராவிடியன்ஸ்' குடுத்தப்போ ராத்திரி ரெண்டு மணிக்கு போன் பண்ணிக் குதிச்சியே. அதுவும் அதே கலப்படம்தானேடா?"

இந்தக் கேள்வியை எங்கள் குழுவின் பெங்களூர்க்காரர் கேட்டார். கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது.

கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன். 1999இலிருந்து 2013 வரை இந்த கேமில் இந்தியாவே கிடையாது. பிரவுசிங் சென்டரில் நாங்கள் பிரிட்டன்களையும் பைசாந்தியர்களையும் எடுத்து ஆடியவர்கள். 2013இல் 'இந்தியர்கள்' வந்தார்கள், மொத்த உபகண்டத்துக்கும் ஒரே சிவ். எல்லாரும் இந்தி பேசினார்கள். சோழப் படை என்று நினைத்துக்கொண்டு நான் ஆடினாலும் வில்லேஜர் இந்தியில்தான் பதில் சொல்வான். அப்படி ஒன்பது வருடம். 2022 ஏப்ரலில் டைனாஸ்டீஸ் ஆஃப் இந்தியா வந்தது. அந்த ஒன்றை நான்காகப் பிரித்தார்கள்: இந்துஸ்தானியர், கூர்ஜரர், வங்காளியர், திராவிடர். முதல் முறை திராவிடர் எடுத்து வில்லேஜரைக் கிளிக் செய்தேன். தமிழில் பதில் வந்தது. மரம் வெட்டச் சொன்னேன், தமிழ். ஆடு பிடிக்கச் சொன்னேன், தமிழ். ஆட்டத்தை மறந்துவிட்டு ஒவ்வொருத்தனையாகக் கிளிக் செய்துகொண்டே இருந்தேன். எதிரி வந்து பாதி ஊரை எரித்துவிட்டான். ராத்திரி இரண்டு மணிக்கு போன் செய்தது அதற்குத்தான்.

இப்போது குற்றச்சாட்டுக்கு வருகிறேன். கலப்படம்தான். திராவிடம் என்பது மொழிக் குடும்பத்தின் பெயர். சோழர், பாண்டியர், ஹொய்சளர், காகத்தியர், விஜயநகரம் எல்லாம் ஒரே கூடைக்குள். ஹொய்சளப் படை தமிழ் பேசுவதை பெங்களூர்க்காரர் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறது, சோழப் படை இந்தி பேசியதை நான் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி. தனி யூனிட் உருமி, நம்மூரில் சுருள் வாள். சிலம்பக்காரர் சுழற்றிப் பார்த்திருப்பீர்கள், போர்க்களத்தில் அதை வரிசையாக நின்று சுழற்றினால் முதலில் பக்கத்தில் நிற்பவன் காது போகும். கப்பலுக்குத் திரிசடை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் திரிசடை என்றால் அசோகவனத்தில் சீதைக்கு ஆறுதல் சொன்ன அரக்கிதான்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே ஒன்றைப் பிரித்து, வெளியே நின்றவர்களை உள்ளே விட்டார்கள். ராஜேந்திரனுக்குக் கேம்பெயின் கிடைத்தது. நானூறு வருடத்துக்கு மேல் ஆண்ட சோழருக்குத் தனி சிவ் கொடுக்கவில்லை, அவர்களுடைய மக்களுக்குக் கொடுத்தார்கள். முறை அதுதான், அதில் எனக்குக் குறையில்லை. இங்கே 42 வருடம் இருந்த ஷுவுக்குத் தனி சிவ், 189 வருடம் இருந்த தாங்குத் அரசுக்கு ஒன்றுமில்லை. ஒன்பது வருடம் வேறு மொழி பேசும் சோழனை வைத்து ஆடியவனுக்கு, தன் ஒட்டகம் அடுத்தவன் கொட்டகையில் நிற்பது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் தெரியும்.

"அதெல்லாம் இருக்கட்டும். விளையாட நல்லா இருக்கா இல்லையா?"

நல்லா இருக்கிறது. கித்தான்களுக்கு வயல் கிடையாது, அதற்குப் பதில் மேய்ச்சல் நிலம். இருபது வருடமாகக் கை தானாகச் செய்யும் வயல் கணக்கை மறந்து புதிதாகக் கற்க வேண்டும், அது ஒரு சுகம். ஜுர்சென்களிடம் வெடி எறியும் வீரர்களும், இரும்புப் பகோடா என்ற கவசக் குதிரைப்படையும் உண்டு. கேம்பெயின்களிலும் உழைப்பு தெரிகிறது. கூடவே வந்த இலவச அப்டேட்டில் ஒவ்வொரு சிவ்வுக்கும் தனித்தனிக் கோட்டை வடிவம் கொடுத்தார்கள். வரைந்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

சமையல் நன்றாகத்தான் இருக்கிறது. நான் கேட்டது வேறு பதார்த்தம்.

"இவ்வளவு திட்டுற ஆளு எதுக்கு வாங்கின?"

கித்தானுக்காக. அப்புறம், குழுவில் ஆறு பேர் வாங்கிவிட்டால் ஏழாவது ஆள் வாங்காமல் இருக்க முடியுமா என்ன?

"நான் வாங்கலன்னா என் ஆட்டத்துல இதெல்லாம் வராதா?"

வரும். நீங்கள் எடுத்து ஆட முடியாது, அவ்வளவுதான். எதிராளி வாங்கியிருந்தால் அவன் சாவ் சாவோடு வருவான். வாங்காமல் ஒதுங்கிவிடலாம் என்ற வழியே இல்லை. மேலே திண்ணை, பூஜை அறை என்று சொன்னேனே, சங்கடம் இதுதான். குரோனிக்கிள்ஸ் வந்தபோது, பிடிக்காதவன் அந்தப் பக்கமே போகாமல் இருக்க முடிந்தது.

"சீனாவுல விக்கணும்னு பண்ணிருக்காங்க. வியாபாரம்னா அப்படித்தானே?"

அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? விற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, விற்றால்தான் அடுத்தது வரும். சீனர்களுக்கு என்று ஏதாவது செய்ய வேண்டுமென்றால் 1999இலிருந்து இருக்கும் 'சீனர்கள்' சிவ்வுக்கு ஒரு முழுக் கேம்பெயின் கொடுத்திருக்கலாம். தாங் காலத்துக் கதை, சோங் காலத்துக் கதை என்று கொட்டிக் கிடக்கிறது. இந்த டிஎல்சி வந்தபோதும் அது கிடைக்கவில்லை.

இந்தக் கேள்வியோடு சேர்த்துச் சிலர் சீனாவைத் திட்டத் தொடங்குகிறார்கள். அவர்கள் என்னைத் துணைக்குக் கூப்பிட வேண்டாம்.

"சரி, நாளைக்கே மூவேந்தர் டிஎல்சி வருதுன்னு வை. கரிகாலன் ஹீரோ. வேண்டாம்னு சொல்லுவியா?"

எங்கள் குழுவிலேயே வக்கீல் ஒருவர் இருக்கிறார். அவர் கேள்வி.

சங்க காலமும் மூன்று ராஜ்யங்களின் காலமும் ஏறக்குறைய பக்கத்துப் பக்கத்தில் வருபவை. மூவரும் ஒரே மொழிக்காரர்கள், ஒருவரோடு ஒருவர் ஓயாமல் சண்டை, புலவர்கள் பாடிப் பாடி நிலைத்த பெயர்கள். ஆக நான் த்ரீ கிங்டம்ஸ் மேல் வைத்த ஒவ்வொரு குற்றமும் மூவேந்தர் டிஎல்சிக்கும் பொருந்தும்.

அறிவிப்பு வந்த அன்றே வாங்குவேன். விடிய விடிய ஆடுவேன். வெண்ணிப் போர் மிஷனில் இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை ஜெயிப்பேன். அதன் பிறகு உட்கார்ந்து இதே பக்கத்தில் பெயரை மட்டும் மாற்றி எழுத வேண்டியிருக்கும், எழுதுவேன் என்றுதான் நினைக்கிறேன். வக்கீல் "நினைக்கிறேன்"னைக் குறித்துக்கொண்டார்.

"என்ன பண்ணா உனக்குச் சமாதானம் ஆகும்?"

ஷு, வெய், வூ மூவரையும் குரோனிக்கிள்ஸ் பக்கம் கொண்டுபோய் வைத்தால் எனக்குப் போதும் என்று வெளியான வாரத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அக்கா பையன் காசு சேர்த்து வாங்கியது வூவை ரேங்க்டில் ஆடத்தான். என் மனக்குறைக்காக அவன் வாங்கிய பொருளைப் பிடுங்கச் சொல்ல முடியாது. ஹீரோவை மட்டுமாவது ரேங்க்டிலிருந்து எடுக்கலாம் என்று கேட்டால் அவன் அதற்கும் முறைக்கிறான்.

ஆகவே இனி வருவதைப் பற்றி மட்டும் கேட்கிறேன். தாங்குத்துக்கு ஒரு சிவ், கையோடு ஒரு கேம்பெயின். அந்த ஒட்டகத்தை அவிழ்த்துக் கொடுங்கள், கித்தானுக்கு வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளலாம். திபெத்துக்கு ஒன்று. பெங்களூர்க்காரர் சார்பில் கன்னடருக்கும் தெலுங்கருக்கும் ஆளுக்கொன்று, அதோடு திராவிடருக்குத் தமிழர் என்றே பெயர் போட்டுவிடலாம்.

"இந்த சனிக்கிழமை வர்றியா, இல்ல கோவமா?"

வருகிறேன், ஒன்பதரைக்கு. நான் சீனர்கள் எடுக்கிறேன், பழைய சீனர்கள். மூன்று வில்லேஜர் கூடுதலாக வரும், சாப்பாடு கம்மியாக இருக்கும், முதல் ஒரு நிமிடம் ஆடு கண்ணில் படாவிட்டால் திணறுவேன். திணறும்போது யாரும் சாட்டில் 11 என்று அடித்தால் வரும் அந்தச் சிரிப்பைப் போடக் கூடாது. முக்கியமாக வூ எடுக்கப் போகிறவன்.